நிற்க வைக்கும் வேலை

ஆட்களை எழுந்து நிற்க வைப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் சுற்றி வளைக்காமல் சொன்னால் அதுதான் வேலை. நாட்டில் கடும் வறுமையை ஒழிக்க வேண்டும், உலக நாடுகள் சேர்ந்து ஒப்புக்கொண்ட வளர்ச்சி இலக்குகளை நம் அரசும் சொன்ன காலத்துக்குள் எட்ட வேண்டும் என்று கேட்கிற ஒரு பிரச்சார இயக்கம். தலைமை டெல்லியில். மாநில அலுவலகம் சென்னையில். நாங்கள் கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தோம். வருடத்தில் ஒரு நாளைக் குறிப்பார்கள். அன்று நாடு முழுக்க ஜனங்கள் ஆங்காங்கே கூடி, எழுந்து நின்று, வறுமைக்கு எதிராக உறுதிமொழி எடுக்க வேண்டும். நின்றவர்களை எண்ணிப் போட்டோவோடு சென்னைக்கு அனுப்ப வேண்டும். சென்னை எல்லாவற்றையும் கூட்டி டெல்லிக்கு அனுப்பும். டெல்லியில் இருப்பவர்கள் ஆட்சியாளர்கள் முன்னால் போய், பாருங்கள், இத்தனை ஜனம் எழுந்து நின்று கேட்கிறது என்பார்கள்.

நான் நைனார்பாளையத்துக்காரி. வீட்டில் மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிறோம். காலையில் நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது என் வீட்டுக்காரர், "வறுமைய இன்னிக்கு ஒழிச்சிடுவியா, இல்ல நாளைக்கும் போவணுமா?" என்று கேட்பார். அவருக்குப் பதில் சொல்ல நின்றால் பஸ் போய்விடும். அவர் கேலி செய்தாலும், நம்பிக்கை இல்லாமல் அந்த வேலையைச் செய்தேன் என்று நான் சொல்ல மாட்டேன். கேட்காமல் எதுவும் கிடைக்காது, தனியாகக் கேட்டால் யார் காதிலும் விழாது என்று நம்பினேன். இப்போதும் அதை நம்புகிறேன். பேனரும் கோஷமும்தான் எனக்கு எப்போதும் எரிச்சல்.

தியாகதுருகத்தில் இந்த வேலை சுலபம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எப்படியும் காலையில் வரிசையாக நிற்கத்தான் போகிறார்கள். தலைமை ஆசிரியரிடம் முந்தின நாளே சொல்லி வைத்தால் பிரார்த்தனையோடு உறுதிமொழியையும் சேர்த்து முடித்துவிடலாம். வறுமையை ஒழிப்பதாக உரக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் வகுப்புக்கு ஓடிவிடுவார்கள். களமருதூரில்தான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நடவு நடந்துகொண்டிருந்த வயலுக்குப் போய், கொஞ்ச நேரம் வரப்புக்கு வந்து நில்லுங்கள் என்று கேட்டேன். ஓர் அம்மா குனிந்தபடியே பதில் சொன்னாள்.

"நிமுந்து நிக்கச் சொல்ற, உனக்குப் புண்ணியமாப் போவட்டும் தாயி. இடுப்புக்கு நல்லது. அந்த நேரத்துக்குக் கூலிய மட்டும் புடிக்க வேணாம்னு சொல்லிட்டுப் போ."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, சேற்றுக் காலோடு வந்து நின்று, நான் சொல்லச் சொல்ல உறுதிமொழியைத் திருப்பிச் சொன்னார்கள். பிறகு மறுபடியும் குனிந்துகொண்டார்கள். அவர்களையும் கணக்கில் சேர்த்து அனுப்பினேன்.

சென்னைக்கு இதெல்லாம் போதவில்லை. மலையிலிருந்து படம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடும் வறுமை என்றால் அவர்கள் மனம் நேராகக் கல்வராயன் மலைக்குத்தான் போகும். கீழே இருக்கிறவர்கள் எல்லாம் கட்டில் போட்டுப் படுத்துச் சுகமாக இருக்கிற மாதிரி. எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் மலைக்குப் போக எனக்கும் ஒரு காரணம் இருந்தது. அங்கே எனக்கு ஒருத்தியைத் தெரியும்.

ஒரு சின்ன மலையூரின் மகளிர் குழுத் தலைவி அவள். வெள்ளிமலையில் நடந்த ஒரு பயிற்சியில் பழக்கம். என்னைவிட வயதில் சிறியவள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் எதிரில் இருப்பவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். கொஞ்சம் நிலத்தில் சாமையும் மரவள்ளியும் போட்டிருந்தாள். புருஷன் குடகில் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவர், ஆடித் திருவிழாவுக்குத்தான் ஊர்ப் பக்கம் வருவார். ஒரே பெண். அந்தப் பெண் அந்த வருடம் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

ஒன்பதாம் வகுப்புக்குப் போக வேண்டுமானால், ஊரிலிருந்து காட்டு வழியாகக் கூட்டுரோடு வரைக்கும் நடந்து, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். முன்னே அந்த ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து போய் வந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போய், இப்போது இவள் ஒருத்திதான் மிச்சம். தனியாக அனுப்ப முடியாது. ஊர் வரைக்கும் தார் ரோடு போட்டு ஒரு மழைக்காலமும் போய்விட்டது, பஸ் மட்டும் கூட்டுரோட்டிலேயே திரும்பிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் பள்ளி திறந்த பிறகும் பெண் வீட்டில்தான் இருந்தாள்.

"எங்க அண்ணன் எம் பொண்ணக் கேக்கறாருக்கா," என்றாள் ஒரு நாள். நாங்கள் அவள் வயலோரம் உட்கார்ந்திருந்தோம். "அவரு பையனுக்கு. நல்ல பையன்தான். சும்மா வூட்டுல இருக்கற பொண்ண இன்னாத்துக்கு வச்சிகினு இருக்கறன்னு கேக்கறாரு. தை பொறக்கட்டும்னு சொல்லியிருக்கேன். அதுக்குள்ள பஸ்ஸு வந்துட்டா அது படிக்கப் போவும், நீ கேக்கக் கூடாது. வரலன்னா தட்டு எடுத்துகினு வா, குடுத்துடறேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"வாக்கு குடுத்தியா? பதினாலு வயசும்மா அதுக்கு."

"தெரியுது. வேற இன்னா சொல்லித் தள்ளிப் போடறது? ஒண்ணும் சொல்லலன்னா ஆவணியிலயே முடிச்சிருப்பாங்க."

கள்ளக்குறிச்சியில் அரசு விடுதி இருக்கிறது, நானே அழைத்துப் போய்ச் சேர்த்துவிடுகிறேன் என்றேன். அவள் உடனே தலையாட்டி மறுத்தாள்.

"அது இல்லாம நான் ஒண்டியா அந்த வூட்டுல இன்னா பண்ணுவேன்? அவரும் இல்ல. காலையில போவட்டும், படிக்கட்டும், பொழுது சாஞ்சா என் வூட்டுக்கு வரட்டும். அதுக்குத்தாங்க்கா பஸ்ஸு கேக்கறேன். ஜாஸ்தியாவா கேக்கறேன்?"

ஜாஸ்தி இல்லை. நாங்கள் மேடை போட்டுப் பேசிய இலக்குகளில் வறுமை, பசி, கல்வி, பெண்கள் என்று ஒன்றன் பின் ஒன்றாக வரும். அவள் கேட்டது ஒரு டவுன் பஸ்ஸை இன்னும் கொஞ்சம் தூரம் ஓட்டச் சொல்லி. அதில் எல்லாமே அடங்கியிருந்தது. பஸ்ஸுக்காக அவள் குழு ஏற்கெனவே பல தடவை மனு கொடுத்திருந்தது. இந்த வருடம் உறுதிமொழி நாளை உங்கள் ஊரில் வைத்துக்கொள்கிறேன், அதிகாரி ஒருவரையும் அழைத்து வருகிறேன், அவர் காதில் விழட்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அந்த நாளில் எங்கள் ஒருங்கிணைப்பாளர், ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி, போட்டோக்காரர், ஒலிபெருக்கிக்காரர், நான் எல்லாரும் ஜீப்பில் போனோம். கோயில் வாசலில் ஊர் கூடியிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் தரையில். நடுவில் ஊர்க்கவுண்டர். ஊர்ப் பெரியவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் பேனரைக் கோயில் தூணில் கட்டினோம். நான் மைக்கைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். சலசலப்பு இல்லாமல் கேட்டார்கள். கடைசியில், "இப்ப எல்லாரும் எழுந்து நின்னு உறுதிமொழி சொல்லப் போறோம். எழுந்திரிங்க" என்றேன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

காது கேட்கவில்லையோ என்று மறுபடியும் சொன்னேன். அப்போதும் இல்லை. ஒருங்கிணைப்பாளர் மைக்கை வாங்கி, "தயவுசெய்து எழுந்து நில்லுங்க, ரெண்டே நிமிஷம்" என்றார். ஒரு குழந்தை எழுந்தது. அதன் அம்மா கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. இவர்களுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், ரெண்டு நிமிஷம் நிற்க மாட்டார்களாமா என்று உள்ளுக்குள் பொங்கியது. என் சுபாவம் அது. பெண்கள் பக்கம் போய் அவள் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "என்னம்மா இது, மானத்தை வாங்கறீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

அவள் நிதானமாகச் சொன்னாள்.

"அக்கா, இந்த எடத்துல யாரு நிப்பாங்க தெரியுமா? ஊர்க்கூட்டம் கூடறப்ப, தப்பு பண்ணவங்கதான் நிப்பாங்க. அவங்க மேல பிராது சொல்லுவாங்க, அவங்க கைய கட்டிகினு பதில் சொல்லணும். மத்த ஜனம் மொத்தமும் ஒக்காந்துகினுதான் இருக்கும். இப்ப ஊரே எழுந்து நின்னா இன்னா அர்த்தம்? ஏழையா இருக்கறதுக்கு நாங்களா பதில் சொல்லணும்?"

எழுந்து போய் ஒருங்கிணைப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், யாரையும் புண்படுத்தத் தெரியாதவர். "புரியுதும்மா, ஆனா உக்காந்திருந்தா கணக்குல வராதே" என்று கவலைப்பட்டார். நாங்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டதை ஊர்க்கவுண்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். குரலில் குத்தலே இல்லை.

"நீங்க சொல்றது நல்ல விஷயந்தாங்க. யாருன்னா நின்னாத்தான் ஆவும்னா, பதில் சொல்ல வேண்டியவங்க நில்லுங்க. நாங்க ஒக்காந்து கேக்கறோம்."

அதிகாரி ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் மூன்று பேரும் பேனரின் கீழே ஊரைப் பார்த்தபடி நின்றோம். நான் உறுதிமொழியைப் படித்தேன். எத்தனையோ இடங்களில் படித்துப் பழகிய வாசகம் அது. அன்றைக்கு அந்த ஜனங்கள் உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கப் படித்தபோதுதான், ஒவ்வொரு வரியும் யாரோ என்னைக் கேட்டு நான் சொல்கிற பதில் மாதிரி இருந்தது. படித்து முடித்ததும் உட்காரப் போனோம். அந்த வழக்கத்தில் பெரியவர் சொல்லாமல் உட்காரக் கூடாதாம். அப்படியே நின்றோம்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவள் உட்கார்ந்தபடியே கேட்டாள். "பஸ்ஸு எப்ப வரும்?"

"ஏற்பாடு பண்றோம்மா," என்றார் அதிகாரி.

"எப்பன்னு கேக்குது அந்தப் பொண்ணு," என்றார் ஊர்க்கவுண்டர்.

அதிகாரி நெற்றியைத் துடைத்தார். "பொங்கலுக்குள்ள வந்துடும்."

"சரி. ஒக்காருங்க."

போட்டோக்காரர் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து படம் எடுத்திருந்தார். முன்னால் ஊர் ஜனத்தின் முதுகும் தலைகளும், தூரத்தில் பேனரின் கீழே திருதிருவென்று நாங்கள் மூன்று பேரும். கணக்கில் அன்று மூன்று பேர் என்றுதான் எழுதி அனுப்பினோம். ஆனால் அந்தப் படம் போனில் போனில் தாவி எங்கெங்கோ போனது. சென்னையில் கொண்டாடினார்கள். டெல்லியில் ஒரு கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினார்களாம். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று பஸ் விஷயத்தையும் சேர்த்துப் போட்டது. அதன் பிறகு கோப்பு நகர்ந்தது. அந்த அதிகாரியும் விடாமல் அலைந்தார், அதைச் சொல்ல வேண்டும். மார்கழியில் பஸ் வந்தது.

வாழைக்கன்று கட்டி, சந்தனம் தெளித்து, முன் சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டினார்கள். அவள் பெண் போன வருடத்துச் சீருடையைப் போட்டிருந்தாள், பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அம்மாவும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். தலைமை ஆசிரியை, பாதி வருடம் போய்விட்டதே என்று முதலில் தயங்கினாராம். பிறகு, ஒன்பதாவதுதானே, உட்காரட்டும், முழுப் பரீட்சையை எழுதட்டும் என்று சேர்த்துக்கொண்டாராம். சாயங்காலம் அவள் எனக்குப் போன் செய்தாள். "வூட்டுக்கு வந்துட்டாங்க்கா. சோறு துன்னுகினு இருக்கா" என்றாள். நான் உரக்கடை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அத்தனை வருட வேலையில் அன்றைக்குத்தான் எனக்கு நிறைந்த மனது.

பஸ் சில நாட்கள் ஓடியது. பிறகு ஒரு மழையில் மலை வளைவு ஒன்றில் மண் சரிந்தது. வளைவு ஏற்கெனவே குறுகல், பஸ்ஸின் பின்பக்கம் பாறையில் உரசிக்கொண்டுதான் திரும்பும். இனி முடியாது என்று டிரைவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, பஸ் நிறைய உயிர்கள். வளைவை அகலப்படுத்தினால் ஓட்டலாம். அகலப்படுத்துவது வேறு துறை. அந்த ஓரத்துப் பாறையைத் தொட இன்னொரு துறை அனுமதி தர வேண்டும். நான் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்தேன். எல்லா இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லாரும் செய்யலாம் என்றுதான் சொன்னார்கள். எப்போது என்று கேட்க எங்களில் ஊர்க்கவுண்டர் யாரும் இல்லை.

இதே சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு வெற்றிக் கதை கேட்டார்கள். உறுதிமொழி நாளால் ஒரு மலையூருக்குப் பஸ் வந்த கதை. எழுதி அனுப்பினேன். பஸ் வந்தது, சில நாட்களில் போனது, இன்னும் திரும்பவில்லை என்று உள்ளதை எழுதினேன். அச்சில் முதல் பாதிதான் வந்தது. போனை எடுத்துச் சத்தம் போட்டேன். கீழே உரம் வாங்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். ஒருங்கிணைப்பாளர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, "அடுத்த வருஷம் ரோடு விஷயத்தைக் கையில் எடுத்துக்கலாம்மா" என்றார்.

"அந்தப் பொண்ணுக்கு ஏது சார் அடுத்த வருஷம்?" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தை பிறந்தது. பொங்கல் கழிந்ததும் அண்ணன் தட்டோடு வந்தார். நான் அவரை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். சாதுவான மனிதர். பஸ் ஓடிய நாட்களில் அவர் வாயே திறக்கவில்லை. இப்போது, "நீ சொன்னதத்தான் நான் கேக்கறேன் பாப்பா. பஸ்ஸு இல்ல. வாக்கு இருக்குது" என்றாராம். இவள் தட்டை வாங்கவில்லை. குடகிலிருந்த புருஷனுக்குப் போன் போட்டாள். உங்க அண்ணன், உன் பொண்ணு, நீயே பார்த்துக்கோ என்று அவர் வைத்துவிட்டார். அண்ணன் ஊரில் பிராது வைத்தார்.

அவள் போனில் சொன்னதும் நான் துடித்துப்போனேன். சின்னப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம், ஒரு போன் போட்டால் போதும், அதிகாரிகள் வந்து தடுத்துவிடுவார்கள் என்றேன்.

"தெரியும்க்கா. நம்பரு பள்ளிக்கூடத்துச் செவுத்துலயே எழுதியிருக்குது. போலீஸ் வந்தா எங்க அண்ணனத்தான் வண்டியில ஏத்துவாங்க. அவரு பொய் சொல்லல. வாக்கு குடுத்தது நான். நானே பதில் சொல்லிக்கறேன்."

"என்ன சொல்லப் போற?"

"வந்தாப் பாரு."

"அவங்க பொண்ணைக் குடுக்கணும்னு சொல்லிட்டா?"

"அப்ப நீ போன் போடு. வேணாம்னு சொல்ல மாட்டேன்."

காலை முதல் பஸ்ஸில் கூட்டுரோடு வரைக்கும் போய், அங்கிருந்து நடந்தேன். சரிந்த வளைவில் மண் அப்படியே கிடந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் ஊர் கூடிவிட்டிருந்தது. எனக்குப் பெண்கள் ஓரத்தில் இடம் விட்டார்கள். அவள் பெண்ணும் அங்கேதான் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் பிராதைச் சொன்னார். இரண்டு வரியில் முடித்துவிட்டார், கூட ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. ஊர்க்கவுண்டர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவள் எழுந்தாள். நடுவில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் நடுவில் அவள் ரொம்ப உயரமாகத் தெரிந்தாள். ஊர் ஊராகப் போய் எத்தனையோ பேரை நிற்கச் சொன்னவள் நான். அன்று நான் உட்கார்ந்துதான் இருந்தேன். வெளியாளுக்கு அங்கே நிற்க உரிமை கிடையாது.

"வாக்கு குடுத்தியா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"குடுத்தேன்."

"பஸ்ஸு இப்ப ஓடுதா?"

"இல்ல."

"அப்ப இன்னா சொல்ற?"

"வாக்கு மாறிட்டேன். தப்புதான். எம் பொண்ணக் குடுக்க மாட்டேன். அது படிக்கணும்."

தப்புதான் என்று அவள் ஒப்புக்கொண்டுவிட்டதால் வாதாட அங்கே ஒன்றும் மிச்சம் இல்லை. அவள் பஸ் வந்துதானே நின்றது என்பாள், அரசாங்கத்தைக் குறை சொல்வாள், பெண்ணின் வயதைச் சொல்வாள், அதற்கு இப்படி இப்படிப் பதில் சொல்லலாம் என்று எண்ணி வந்திருந்தவர்களுக்கு வேலையே இல்லாமல் போனது. பெரியவர்கள் நகர்ந்து உட்கார்ந்து வெகுநேரம் தங்களுக்குள் பேசினார்கள். அவ்வளவு நேரமும் அவள் கையைப் பிரிக்காமல் நின்றாள். போனைப் பைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பெண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று ஊர் சொன்னது. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வாக்கு தவறியதற்குத் தண்டனை உண்டு. அவள் அண்ணன் காலில் விழுந்து வெற்றிலை வைக்க வேண்டும். அதோடு அந்த உறவு முடிந்தது. இனி அண்ணன் வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் இவள் போகக் கூடாது. இவள் பெண்ணுக்கு எந்தக் காலத்திலும் அந்த வீட்டிலிருந்து தாய்மாமன் சீர் வராது. சடங்குக்கு மாலை போட, மணவறைக்குக் கை பிடித்து அழைத்துப் போக, அந்தப் பெண்ணுக்கு மாமன் இல்லை.

அவள் விழுந்து எழுந்தாள். அண்ணன் வெற்றிலையைத் தொட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அவள் பார்த்தாளா என்று தெரியாது.

பஸ் இல்லாத ஊரில் பெண்ணை வைத்துக்கொண்டு படிக்க வைக்க முடியாது. வேண்டாம் என்று சொன்ன விடுதிக்கே அவள் இப்போது வந்தாள். மறு வாரம் கள்ளக்குறிச்சிக்கு இருவரையும் அழைத்துப் போனேன். பெண் ஒரு தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். விடுதிக் காப்பாளர் கனிவான பெண்மணி. பாய், தட்டு, குளிக்கும் நேரம் எல்லாம் சொல்லிவிட்டு அவளிடம் கேட்டார்.

"லீவுக்குக் கூட்டிட்டுப் போக நீங்க வர முடியலன்னா வேற யார் வருவாங்க? வெளியாளோட அனுப்ப மாட்டோம். அப்பாவும் ஊர்ல இல்லன்னு சொல்றீங்க. தாய்மாமன் இருக்காரா?"

பெண் அம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"இல்லீங்க," என்றாள் அவள். "நான் மட்டுந்தான் வருவேன்."

பெண்ணை விட்டுவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தோம். சாப்பிடலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள். கச்சிராயபாளையம் பஸ் நிற்கிற இடத்தில் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தோம். பெண் நன்றாகப் படிப்பாள், ஒரு வருடத்தில் ரோடு சரியாகிவிடும், பஸ் வந்தால் திரும்ப வீட்டுக்கே அழைத்துக்கொள்ளலாம் என்று என்னென்னவோ சொன்னேன். நான் சொன்னதை அவள் கேட்டாளா என்றே தெரியவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் பிறகு மெதுவாகப் பேசினாள்.

"நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன்க்கா. அப்ப எங்க ஊர்ல பள்ளிக்கூடமே கெடையாது. காட்டு வழியில அவ்ளோ தூரம் போவணும். எங்க அண்ணன் படிக்கல. ஆனா தெனம் என்னத் தோள்மேல தூக்கிகினு போய் வுட்டுட்டு, பள்ளிக்கூடம் வுடற வரைக்கும் வெளியிலயே ஒக்காந்துகினு இருப்பாரு."